பாசாங் மாமாவை ஏற்றப் போனேன்

ஒருவரை ஏற்றிக்கொண்டு வரப் போகிறவனுக்கு வேண்டிய தகுதி ஒன்றே ஒன்றுதான். யாரை ஏற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் கார் இருந்தது. லைசென்ஸ் இருந்தது (நான்காவது தடவையில் கிடைத்தது). பெற்றோல் நிறைய இருந்தது. புதிதாகத் தைத்த கோட்டு இருந்தது. அந்த ஒரு தகுதி மட்டும் இருக்கவில்லை. இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இது 1986 பெப்ரவரியில் நடந்தது. தெரிந்தவர்கள் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் தனியாக இருக்கும்போது, சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும் நேரத்தில், இது திடீரென்று நினைவுக்கு வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ‘சீ’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். (பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையாகி வெகுநேரமாகிவிட்டது தெரியவரும்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு அபார்ட்மென்டில் குணம் அண்ணை என்பவரோடு தங்கியிருந்தேன். மின்விளக்குகளுக்கு மூடி பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எனக்கு எதிர்மேசையில் நின்று வேலை செய்தவன்தான் நோர்பு. திபெத்துக்காரன். மூன்று வயதில் பெற்றோரோடு மலை கடந்து இந்தியாவுக்கு அகதியாக வந்து, கர்நாடகத்தில் ஒரு திபெத்தியக் குடியிருப்பில் வளர்ந்து, பதினைந்து வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவன். நானும் அகதி, அவனும் அகதி. அவன் என்னைவிடச் சீனியர் அகதி. எந்தக் கடையில் மலிவான சப்பாத்து, எந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போட வேண்டும், எதைக் குப்பையில் போடலாம் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். (நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் என் ஞாபகத்தில் அவன் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறான். அப்படியே எழுதிவிடுகிறேன்.)

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் சொன்னான்:

“வாற ஞாயிறு எங்கட லோசார். புது வருஷம். நீ கட்டாயம் வரவேணும்.”

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் பொங்கலோ வருஷமோ கொண்டாடியதில்லை. அடுத்தவன் வீட்டுப் புதுவருஷம் என்றதும் எனக்கு வாய் ஊறியது. வருகிறேன் என்றேன். அவன் தொடர்ந்து சொன்னதுதான் வினை.

அவனுடைய தாய்மாமன், பெயர் பாசாங், இரண்டு கிழமைக்கு முன்னர்தான் இந்தியாவிலிருந்து, ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள பெல்வில்லுக்கு வந்திருந்தார். அங்கே அவருடைய மகன் இருக்கிறான். ஞாயிறு காலை மகன் அவரை பஸ்ஸில் ஏற்றிவிடுவான். பதினொரு மணிக்கு ரொறன்ரோ. நோர்பு சப்வேயில் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

“அம்மாவும் மாமாவும் கண்டு பதினைஞ்சு வருஷம்” என்றான் நோர்பு. “அம்மா நாலு நாளாய் நித்திரை கொள்ளேல்லை.”

நான் கார் வாங்கி ஐந்து கிழமை ஆகியிருந்தது. படகு போல நீளமான, நீல நிறப் பழைய கார். அதில் ஏற்ற ஆள் கிடைக்காமல் நான் பரிதவித்துக்கொண்டிருந்த காலம். குணம் அண்ணையைப் பால் வாங்கக்கூட வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு போவேன்.

“நீ ஏன் மினக்கெடுறாய்? நான் போய் ஏத்திக்கொண்டு வாறன்” என்றேன்.

“நானும் உன்னோட வாறன்.”

“வேண்டாம். புது வருஷத்தண்டு வீட்டு ஆம்பிளை வீட்டில நிக்கவேணும். நீ உன்ர பூசையைப் பார்.”

நோர்பு தயங்கினான். மாமாவின் பழைய படம் ஒன்று இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றான். படம் எதற்கு என்றேன். ஒரு மட்டையில் பெயர் எழுதிப் பிடிக்கலாமே என்றான். அது ஹோட்டல் டிரைவர்கள் செய்யிற வேலை என்றேன். ஒரு திபெத்துப் பெரியவரைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்று அவனையே கேட்டேன்.

அதுவரை நான் கண்ட திபெத்துப் பெரியவர்களின் மொத்தத் தொகை பூச்சியம். மலையைப் பின்னால் வைத்து எடுத்த கலண்டர்ப் படங்களைப் பார்த்திருந்தேன். வெண்தாடி, பட்டுச் சட்டை, பாதி மூடிய கண்கள். அது போதும் என்று நினைத்தேன். பெயரும் வசதியாக இருந்தது. பாசாங்குக்கு ஒரு ‘கு’ குறைவு. மறக்கவே மறக்காது.

ஞாயிறு காலை நான் கோட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த குணம் அண்ணை கேட்டார்:

“ஆள் எப்பிடி இருப்பார் எண்டு கேட்டனியோ?”

“பாத்த உடன தெரியும் அண்ணை.”

“ஆருக்கு, உனக்கோ? போன கிழமை லோன்றியில என்ர சாரத்தை உன்ர எண்டு மடிச்சுக்கொண்டு வந்தனீ!”

நான் கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டேன்.

பஸ் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. கிழக்கிலிருந்து வந்த பஸ் நின்று, ஆட்கள் இறங்கி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு தூணருகில் நின்று கழுத்தை நீட்டி வெண்தாடியைத் தேடினேன். அப்போது யாரோ என் கையைத் தொட்டார்கள். திரும்பினேன். தடித்த உடம்புக்காரர் ஒருவர். தாடி இல்லை. தேவாலயங்களில் இலவசமாகக் கொடுப்பார்களே, அந்த மாதிரிப் பச்சை நிற ஸ்கீ ஜாக்கெட், அளவுக்கு மிஞ்சிப் பெரியது. உச்சியில் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி. கையில் ஒரு கடதாசித் துண்டு. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி ஏதோ சொன்னார்.

அந்த நாட்களில் டவுன்ரவுனில் கடதாசி நீட்டிக் காசு கேட்கிறவர்களைப் பற்றிக் குணம் அண்ணை எனக்கு நிறையச் சொல்லி வைத்திருந்தார்.

“சொறி, சொறி. நோ சேஞ்ச்” என்றேன். சொன்னதோடு விட்டேனா? கோட்டுப் பொக்கற்றை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவரைத் தள்ளிப் போகும்படி சைகை காட்டினேன். கோழியைத் துரத்துவது போல. அவர் கடதாசியை மடித்துக்கொண்டு விலகிப் போனார்.

அவர் விலகியதும், அவருக்குப் பின்னால், அதோ, என்னுடைய கலண்டர்!

வெண்தாடி. மெல்லிய உடம்பு. கருநீலப் பட்டில் துணி முடிச்சுப் பொத்தான்கள் வைத்த சட்டை. கையில் ஒரு துணிப்பை. சுவரோரமாக நின்று யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கைகூப்பினேன்.

“பாசாங்?”

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ நீளமாகச் சொன்னார். அதற்கு நடுவில் ‘சாங்’ மாதிரி ஒன்று கேட்டது. எனக்கு அது போதும். ஆனாலும் நான் பொறுப்பானவன் அல்லவா? இன்னொரு தரம் உறுதிப்படுத்தினேன்.

“நியூ இயர்?”

அவருடைய முகம் மலர்ந்தது. “யெஸ், யெஸ்! நியூ இயர்!”

துணிப்பையை வாங்கிக்கொண்டு அவரைக் காரில் ஏற்றினேன்.

டொன் வலி நெடுஞ்சாலையில் போகும்போது அவருக்கு நான் ஊரைச் சுற்றிக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாதவருக்குச் சத்தமாகவும் மெதுவாகவும் ஆங்கிலம் பேசினால் புரிந்துவிடும் என்பது அந்நாளில் என் நம்பிக்கை. “திஸ் ரிவர். திஸ் பிரிட்ஜ். யூ நோ கன்ட்றி. மீ நோ கன்ட்றி. சேம்!” என்று என் நெஞ்சிலும் அவர் தோளிலும் மாறி மாறித் தட்டினேன். அவர் “யெஸ்” என்றார். பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் தோடம்பழத்தை எடுத்து இரண்டு கைகளாலும் எனக்குத் தந்தார். இமயமலைப் பழம் போலும் என்று பக்தியோடு வாங்கி டாஷ்போர்டில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் பின்பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். பிறகு கையைப் பின்னால் காட்டி ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “சி... பாடை... னா. சி... பாடை... னா.” குரல் வரவர உயர்ந்தது. மந்திரம் சொல்கிறார் என்று விளங்கியது. புதுவருஷத்தன்று ஒரு பெரியவர் என் காருக்குள் இருந்து மந்திரம் ஓதுகிறார்! ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தேன். அவர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் பிறகு நோர்புவின் வீடு இருக்கிற வெக்ஸ்போர்ட் வரும்வரை துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நோர்புவின் வீடு சின்ன ஒற்றைத்தட்டு வீடு. காரின் சத்தம் கேட்டதும் வாசல் கதவு திறந்தது. முன்னால் நோர்புவின் அம்மா நின்றார். எல்லோரும் அவரை ‘அமாலா’ என்பார்கள். அம்மாவுக்கு மரியாதையான சொல். நீளமான கறுப்பு உடுப்பும் அதன் முன்னால் பல நிறக் கோடுபோட்ட துணியும் கட்டியிருந்தார். இரண்டு கைகளிலும் ஒரு வெள்ளைச் சால்வையை ஏந்தியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நோர்புவின் மனைவி டோல்மா, வறுத்த பார்லி மா நிரப்பிய மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிறவர்கள் அதில் ஒரு நுள்ளு எடுத்து மூன்று தரம் மேலே வீசிவிட்டு வாயிலும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நோர்பு சொல்லியிருந்தான். பின்னால் விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர்.

அமாலாவைத் தவிர அவர்களில் ஒருவர்கூட அதுவரை பாசாங் மாமாவைக் கண்டதில்லை. டோல்மா கனடாவில் வளர்ந்தவள். விருந்தாளிகள் வேறு இடத்துக்காரர்கள். கண்டிருந்தவர்கள் இரண்டே பேர். நோர்பு உள்ளே சாமியறையில் நெய்விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். அமாலாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது.

அமாலா படியில் இறங்கி வந்தார். சால்வையை அந்தப் பெரியவரின் கழுத்தில் போட்டார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியை அவர் நெற்றியோடு முட்டி வைத்தார். பிறகு அழத் தொடங்கினார். என்னென்னவோ சொல்லிச் சொல்லி அழுதார். நடுநடுவே சிரித்தார். திரும்பவும் அழுதார். பதினைந்து வருடத்துக் கதை முழுவதையும் அந்த வாசலில் வைத்தே சொல்லி முடித்துவிட நினைத்தவர் போல இருந்தது.

அந்தப் பெரியவர் அசையாமல் நின்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண் தன் தோளில் விழுந்து அழுதால் நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அவர் அமாலாவின் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, கண் கலங்கி நின்றேன். பிரிந்தவர்களைச் சேர்த்துவைத்த மகான்! டோல்மா என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தாள். நானும் ‘இதென்ன பெரிய வேலை’ என்பது போலத் தலையசைத்தேன்.

“மாமா!” என்றபடி நோர்பு கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“சிவா.”

“ஓம்?”

“இது ஆர்?”

“உன்ர மாமா.”

“என்ர மாமா இல்லை.”

“வடிவாப் பார். பதினைஞ்சு வருஷம்...”

“சிவா, இது என்ர மாமா இல்லை.”

அப்போது பெரியவர் வாய் திறந்தார். நோர்புவைப் பார்த்து, மரியாதையான குரலில், இரண்டு மூன்று வசனம் பேசினார். விருந்தாளிகளுக்குள் ஒருவர் மிக மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். அது என்ன சொல் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியதில் புரிந்துவிட்டது. அந்தப் பெரியவர் சீனர்.

நோர்புவின் வீட்டார் ஏன் மலை ஏறினார்கள், யாருக்குப் பயந்து ஏறினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரங்களில் அவன் சொல்லி, நான் தலையில் அடித்துத் துக்கப்பட்டிருக்கிறேன். அவர்களுடைய புதுவருஷத்தன்று, அவர்களுடைய வாசலுக்கு, அவர்களுடைய மாமா என்று சொல்லி, நான் கொண்டுவந்து இறக்கியிருந்தது இதுதான். (பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அந்த வருடம் சீனப் புத்தாண்டும் லோசாரும் ஒரே நாளில் வந்திருந்தன. அவரிடம் ‘நியூ இயர்?’ என்று கேட்டால் வேறென்ன சொல்வார்?)

அமாலா இரண்டடி பின்னால் போனார். தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நோர்புவிடம் ஏதோ கேட்டார். அவன் சொன்னான். எனக்கு அந்தப் பனிக்குள் அப்படியே புதைந்துபோகலாம் போல இருந்தது. விருந்தாளிகளில் ஒரு நடுத்தர வயதுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனார். நாங்கள் திரும்பிப் புறப்படும்வரை அவர் வெளியே வரவேயில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு அமாலா டோல்மாவின் கையிலிருந்த மரப்பெட்டியை வாங்கி, பெரியவருக்கு முன்னால் நீட்டினார். எப்படிச் செய்வது என்று தானே ஒரு நுள்ளு எடுத்து வீசிக் காட்டினார். பெரியவரும் எடுத்து மூன்று தரம் வீசி, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார். தாடியெல்லாம் மா. தன் பையைத் திறந்து தோடம்பழங்கள் இரண்டை எடுத்து இரு கைகளாலும் அமாலாவிடம் கொடுத்தார். “நியூ இயர்” என்றார்.

அமாலா நோர்புவிடம் சொன்னதை அவன் எனக்கு மொழிபெயர்த்தான்:

“இவரை ஆரோ தேடிக்கொண்டு நிப்பினம். கெதியாக் கொண்டுபோய் விடட்டாம். தன்ர அண்ணை அங்க தனிய நிக்கிறாராம்.”

பஸ் நிலையத்துக்குத் திரும்பினோம். நோர்பு எனக்குப் பக்கத்தில். பெரியவர் பின்சீட்டில், கழுத்தில் வெள்ளைச் சால்வையோடும், டோல்மா கொடுத்தனுப்பிய பொரித்த பலகாரப் பையோடும்.

“மாமாதான் மலையில என்னை முதுகில கட்டிக்கொண்டு நடந்தவர்” என்றான் நோர்பு, ஜன்னலைப் பார்த்தபடி. “இருபத்தெட்டு நாள்.”

அரை மணித்தியாலக் கார் ஓட்டம். அதற்குள் நான் அவரைத் தொலைத்திருந்தேன்.

பின்சீட்டிலிருந்து, “சி... பாடை... னா” என்று குரல் வந்தது.

“ஸ்பெடைனா எண்டு சொல்லுறார்” என்றான் நோர்பு. “ஸ்பெடைனா அவெனியூ, சீனக் கடைத்தெரு. இவற்ற ஆக்கள் அங்க இருப்பினம்.”

“வரேக்கையும் சொன்னவர்.”

“சொன்னவரோ? நீ என்ன செய்தனீ?”

“கும்பிட்டனான்.”

நோர்பு என் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை விவரிக்க எனக்கு இன்னும் தமிழ் கைகூடவில்லை.

நிலையத்துக்குள் நுழைந்ததும் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் பாய்ந்து வந்து பெரியவரைக் கட்டிப் பிடித்தார். மகன். உணவகத்து அடுப்படியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். மேல்கோட்டுக்கூட இல்லை. பத்து நிமிடம் பிந்தி வந்தாராம். அதிலிருந்து ஒன்றரை மணித்தியாலமாக ஒவ்வொரு கதவாக ஓடித் தேடியிருக்கிறார். தகப்பனின் தாடியில் மாவைக் கண்டார். கழுத்தில் சால்வையைக் கண்டார். பிறகு என்னைக் கண்டார்.

நான் “மிஸ்ரேக்” என்றேன். “ஐ தோட்...” என்றேன். அதற்கு மேல் வசனம் ஓடவில்லை. நோர்புதான் நடந்ததை எடுத்துச் சொன்னான். அவர் கேட்டுவிட்டு என்னிடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“நாங்கள் எல்லாரும் உனக்கு ஒரே ஆள் மாதிரித்தான் தெரியுதோ?”

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர், கயானாவிலிருந்து வந்த ஒருவருடைய பெயரால் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை. சாப்பாட்டறையில் நான் ஆடிய ஆட்டம்! இவங்களுக்கு நாங்கள் மனிசரே இல்லை, மண்ணிறத்தில் எதைக் கண்டாலும் ஒன்றுதான், ஒரு முகத்தை நின்று பார்க்கக்கூட இவங்களுக்கு நேரமில்லை என்று மேசையில் குத்திக் குத்திப் பேசினேன். எதிரே இருந்து தலையாட்டிக் கேட்டவன் நோர்பு. இப்போது அவன் எனக்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர்தான் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கதவடியில் திரும்பி எனக்குக் கையசைத்தார். அதுவும் என்னை வதைத்தது.

“மாமா!” என்று நோர்பு கூப்பிட்டது கேட்டுத் திரும்பினேன்.

நான் முதலில் நின்ற அதே தூண். அதற்குப் பக்கத்தில், காலடியில் இருந்த தன் பெட்டியில் குந்தாமல், நேராக நின்றுகொண்டிருந்தார். பச்சை ஸ்கீ ஜாக்கெட். குஞ்சம் வைத்த தொப்பி. கையில் மடித்த கடதாசி.

நான் நோர்புவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

நோர்பு அவரைக் கட்டிப் பிடித்தான். அவர் அவன் தலையைத் தடவினார். தடவிக்கொண்டே அவன் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். எனக்குத் தெரியும். (அவருக்கு முகம் மறப்பதில்லை. அந்தக் குறை என்னுடையது.) ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். போகும் வழியெல்லாம் மாமாவும் மருமகனும் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நோர்பு திரும்பி என்னை முறைக்கவில்லை. ஆகவே அவர் சொல்லவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் இந்தக் கதையில் வருகிற வெட்கங்களில் ஒன்று.

வீட்டு வாசலில் திரும்பவும் எல்லோரும் நின்றார்கள். திரும்பவும் ஒரு வெள்ளைச் சால்வை. அமாலா படியில் இறங்கி வந்தார். ஆனால் இந்தமுறை சால்வையைப் போடவில்லை. மாமாவின் முகத்துக்கு மிகக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். காதைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ ஒரு கேள்வி கேட்டார். மாமா பதில் சொன்னார். இன்னொரு கேள்வி. அதற்கும் பதில். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“சின்னனில தங்களை உதைச்ச கழுதைக்கு என்ன பேர் எண்டு கேக்கிறா” என்று டோல்மா எனக்குச் சொன்னாள்.

பிறகுதான் சால்வை விழுந்தது. நெற்றியும் நெற்றியும் முட்டின. அமாலா சிரித்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அழக் காத்திருந்த அழுகையையெல்லாம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்னர் அதே படியில் வேறொருவருக்குக் கொடுத்து முடித்திருந்தார். மற்ற எல்லோரும் சிரித்த அந்த இடத்தில்தான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் வரும். ஆளைத் தவறவிட்டால் தேடிப் பிடிக்கலாம். பதினைந்து வருடம் கழித்து அண்ணனைக் காணும் முதல் நிமிடத்தை நான் அந்த அம்மாவிடமிருந்து எடுத்து எங்கேயோ போட்டுவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் கார் இருந்து என்ன பயன்?

சாப்பாட்டுக்கு இருந்தோம். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் தந்தார்கள். தண்டனை என்று நினைத்து இரண்டு கோப்பை குடித்தேன். மூன்றாவதையும் ஊற்றினார்கள்.

அப்போது மாமா எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பொக்கற்றை ஒரு கையால் பொத்திப் பிடித்தார். மற்றக் கையால் கோழியைத் துரத்தினார். முகத்தைச் சுளித்து, “சொறி, சொறி, நோ செஞ்” என்றார். அவருக்குத் தெரிந்த முதல் ஆங்கில வசனம் நான் கற்பித்தது.

வீடு வெடித்துச் சிரித்தது. குசினிக்குள் போயிருந்த அந்த நடுத்தர வயதுக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நோர்பு மட்டும் சிரிக்காமல் என்னிடம் கேட்டான்:

“உண்மையோ?”

“ஓம்.”

“கடதாசியில என்ர பேர் இருந்தது சிவா. ரெலிபோன் நம்பரும் இருந்தது. நீ வாசிச்சிருந்தால் காணும்.”

நான் எழுந்து போய் மாமாவுக்கு முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். நோர்பு சொன்னான். மாமா என்னைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தி, தன் தட்டிலிருந்த பலகாரத்தை உடைத்துப் பாதியை என் வாயில் திணித்தார். இதற்குப் பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதுதான் அவருடைய நோக்கம் என்று டோல்மா பின்னர் சொன்னாள்.

நோர்பு என்னோடு ஒரு கிழமை அளந்துதான் பேசினான். பிறகு சரியாகிவிட்டான். ஆனால் அதன் பிறகு நான் தனியாக ஒருவரையும் ஏற்றப் போக அவன் விட்டதில்லை.

1988இல் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். வசந்தி கொழும்பிலிருந்து வருகிறாள். அதுவரை கடிதமும் ஒரு படமும்தான். விமான நிலையத்துக்குப் புறப்பட நான் காரைத் திறந்தால், நோர்பு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்சீட்டில் இருக்கிறான்.

“படத்தைத் தா” என்றான்.

பயணிகள் வெளியே வரத் தொடங்கியதும் என்னை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றான். சேலை கட்டிய ஒவ்வொருவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வசந்தி வந்ததும் மறித்து, பெயர் கேட்டான், தகப்பன் பெயர் கேட்டான், கடைசிக் கடிதத்தில் சிவாவுக்கு என்ன எழுதினீர்கள் என்றும் கேட்டான். கழுத்துப்பட்டியைக் கண்டு, கனடா அரசாங்க அதிகாரி என்று நினைத்து அவள் கடிதத்தில் எழுதிய அத்தனையையும் ஒப்புவித்துவிட்டாள். (அதை எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாள்.) எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டான். வீடு வந்து சேருமுன் பஸ் நிலையத்துக் கதை முழுவதையும் அவளுக்குச் சொல்லி முடித்துவிட்டான்.

எங்கள் வீட்டில் விருந்தாளி யார் வந்தாலும் வசந்தி இதைத்தான் சொல்லுவாள். நோர்பு இருந்தால் அவன் கேட்ட கேள்விகளை அவனைக் கொண்டே திரும்பக் கேட்கவைப்பாள். கடைசியில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே முடிப்பாள்:

“நோர்பு அண்ணை கூட வந்தபடியால் சரி. இவர் தனிய வந்திருந்தா, நான் இப்ப ஆற்ற வீட்டில சமைச்சுக்கொண்டு நிண்டிருப்பனோ, ஆருக்குத் தெரியும்!”